கடுக்காய் மையும் நானோ துகளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்தபோது இரண்டு நிபந்தனை போட்டார். "நானோன்னு என்னமோ பண்றியாமே, அதைப் பத்திப் பேசணும். ஆனா எங்களுக்குப் புரியணும்" என்றார். முதல் நிபந்தனை சுலபம். இரண்டாவதை நினைத்து ஒரு வாரம் தூக்கமில்லை. இந்த மண்டபத்தில் தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள், வங்கி அதிகாரிகள் இருக்கிறார்கள், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் ஷாப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஷாப்புகளின் தண்ணீர் பாய்ந்த நிலத்தைக் கைவிட்டவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே ஆய்வகத்தில் ஆரம்பிக்காமல் நான் வளர்ந்த லாங் பஜாரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

லாங் பஜாரில் எங்கள் நாட்டு மருந்துக் கடையைப் பலருக்கு நினைவிருக்கலாம். கோட்டையைப் பார்த்துவிட்டு மண்டித் தெரு வழியாக வருகிறவர்கள் வாசனையை வைத்தே கண்டுபிடித்து விடுவார்கள். அப்பாவுக்கு முன்னால் தாத்தா உட்கார்ந்த கடை. தாத்தா காலத்தில் மருந்து வியாபாரம் பாதிதான். மீதிப் பாதி ஆவாரம்பட்டையும் கடுக்காயும். அதை வாங்குகிறவர்கள் நோயாளிகள் இல்லை, தோல்காரர்கள். மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றி அனுப்புவார்களாம். ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறப்போட்டுப் பதப்படுத்தி, கடைசியாகக் கடுக்காய்ச் சாறு கொடுத்து முடிப்பது நம் பக்கத்துப் பழைய முறை. கிழக்கிந்தியத் தோல் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கிய சரக்கு அது. 2008-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த வியாபாரம் படுத்ததற்கு ஒரு தேதி உண்டு. 1972-இல் சீதாராமையா குழு என்று ஒன்று போட்டார்கள். அரைகுறையாகப் பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் செருப்பு, பை போன்ற பொருள்களையும் அனுப்ப வேண்டும் என்பது அதன் பரிந்துரை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வரும், இங்கே வேலை பெருகும் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை, இரண்டும் நடந்தன. கூடவே குரோமியமும் வந்தது. பட்டை முறையில் வாரக் கணக்கில் ஆகிற வேலை குரோம் உப்பில் ஒரு நாளில் முடிந்துவிடும். நீலம் பாய்ந்த ஈரத் தோல், 'வெட் ப்ளூ' என்பார்கள், அதைத் தொட்டுப் பார்க்காத ஆம்பூர்க்காரர் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. தாத்தாவின் ஆவாரம்பட்டை மூட்டைகள் கடைக்குப் பின்னால் அறையில் செல்லரித்தன.

பட்டைக் காலம் பொற்காலம், குரோம் காலம் கலிகாலம் என்று நான் சொல்லப் போவதில்லை. பட்டை முறையிலும் சுண்ணாம்புத் தொட்டி உண்டு, நாற்றம் உண்டு, உப்பு உண்டு, கறுத்த தண்ணீர் ஓடையில் போகும். வித்தியாசம் அளவில். ஷாப்புகள் பெருகின, தோல் பெருகியது, தண்ணீரும் பெருகியது.

உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று சொன்ன தீர்ப்பு இன்று சட்டக் கல்லூரிகளில் எல்லா ஊர் மாணவர்களும் படிக்கிற பாடம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கு. ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தோல் ஷாப்புகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கும் அதில் இருக்கிறது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், சந்தேகம் இருந்தால் முன்னெச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்திய நாட்டின் சட்டம்தான் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. பாலாறு நமக்குத் தண்ணீர் கொடுத்தது போக, நாட்டுக்கே ஒரு சட்டத்தையும் கொடுத்தது. அதற்கு ஆறு கொடுத்த விலையை இங்கே உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் புதுப் புது இயந்திரங்கள் வந்தன. ஆனாலும் 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் அப்படியொரு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ராணிப்பேட்டையிலேயே குரோமேட் தயாரித்து 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஆலை ஒன்று ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் கழிவை மலைபோல் விட்டுப் போயிற்று. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காக ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. ஈட்டுத் தொகை கொடுக்கச் சொல்லி, ஆற்றைச் சீர் செய்யும் செலவை மாசு செய்தவர்களிடமே வசூலிக்கச் சொல்லி, கண்காணிக்க ஒரு குழுவும் போடச் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் ஏறக்குறைய 28 வருஷம். நான் இந்தக் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னைக்குப் போய் ரசாயனப் பொறியியல் படித்து, ஆராய்ச்சி, கல்யாணம், பிள்ளைகள், நரை எல்லாம் அந்த 28 வருஷத்துக்குள்தான்.

சரி, நானோவுக்கு வருகிறேன். பயப்படாதீர்கள்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். என் போன்றவர்களுக்கு உதாரணம் காட்டக்கூட முடி போதவில்லை, அது வேறு கதை. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக் கொள்ளுங்கள், கற்கண்டுக் கட்டி மாதிரி. அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கு மேல். லாங் பஜாரில் இரண்டரை கிரவுண்டு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும்; நாங்கள் அதைக் கட்டை விரல் நகத்தளவு பொருளில் எடுத்துத் தருகிறோம். ரசாயன வினை நடப்பது மேற்பரப்பில். ஆகவே மேற்பரப்பு பெருகினால் பொருளின் குணமே மாறிவிடுகிறது. தங்கம் சிவப்பாகிறது, வெள்ளி மஞ்சளாகிறது. 1857-லேயே மைக்கேல் ஃபாரடே தங்கக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்து மாணிக்கச் சிவப்பில் திரவம் செய்து காட்டி, இது தங்கத்தின் மிக நுண்ணிய துகள்களால் வரும் நிறம் என்று சொல்லிவிட்டார். நானோ என்ற பெயர்தான் புதுசு.

இந்தத் துகள்களைச் செய்கிற வழக்கமான முறையில் ஒரு உலோக உப்பை எடுத்து, சோடியம் போரோஹைட்ரைடு மாதிரி ஒரு வலுவான ஒடுக்கியைப் போடுகிறோம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேறொன்றைப் போடுகிறோம். பிறகு கழுவுகிறோம், கழுவுகிறோம், கழுவிக் கொண்டே இருக்கிறோம். ஷெல்டன் என்ற வேதியியலாளர் 1990-களின் தொடக்கத்தில் ஒரு எளிய கணக்கைக் கொண்டு வந்தார். ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ கழிவு? பெட்ரோல் சுத்திகரிப்பில் அது ஒன்றுக்கும் குறைவு. மருந்துத் தொழிலில் 25, 100 என்று போகும். நானோ துகள்களில் அதையும் தாண்டிவிடுகிறது. மிகச் சிறிய சரக்கு, மிகப் பெரிய கழிவு. தோல் தொழிலைக் குறை சொல்லிவிட்டு நானோ தொழிலுக்குப் போனவன் இந்தக் கணக்கைப் பார்த்ததும் எப்படி விழித்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மாற்றாகத்தான் 'பசுமை முறை' என்று ஒன்று கிளம்பியது. போரோஹைட்ரைடுக்குப் பதில் தாவரச் சாறு. இதில் நம் தமிழ்நாட்டு ஆய்வகங்கள் முன்னணியில் இருந்தன. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் எடிசன், சேதுராமன் இருவரும் 2012-இல் கடுக்காய்ச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்களை உடனடியாகச் செய்து காட்டினார்கள். அந்தத் துகள்கள் மெத்திலீன் நீலச் சாயத்தை நிறமிழக்கச் செய்யும் வினையை வேகப்படுத்தின. அதற்கு முந்தைய வருஷம் சென்னையில் ஆவாரை இலைச் சாற்றில் தங்கத் துகள் செய்திருந்தார்கள்.

ஆவாரை, கடுக்காய்! கட்டுரையைப் படித்ததும் எனக்குத் தாத்தாவின் பின்கட்டு அறை வாசனை வந்தது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. தோலைப் பதப்படுத்துவது டானின் என்ற துவர்ப்புப் பொருள். அதே டானின்தான் வெள்ளி உப்புக்கு எலக்ட்ரானைக் கொடுத்து உலோகமாக்குகிறது, பிறகு துகளின் மேல் போர்வையாகவும் உட்கார்ந்து கொள்கிறது. கடுக்காயைக் கடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கிற அந்தக் குணம்தான் எல்லாவற்றுக்கும் மூலம்.

இப்போது என் கதை. இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் முன்னாள் மாணவர் கூட்டத்தில் வெட்கப்பட்டு என்ன ஆகப் போகிறது.

2009-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்த ராஜேந்தர் வர்மாவும் மற்றவர்களும் சேர்ந்து, தேயிலைச் சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்து நானோ இரும்பு செய்ததாக ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க அதைப் பின்பற்றினார்கள். நானும் பின்பற்றினேன். தேயிலைக்குப் பதில் கடுக்காய். எனக்கு ஒரு பெரிய கனவு இருந்தது. உலோக இரும்பு, ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றும். முன்னது கரைந்து நிலத்தடி நீரோடு ஓடுகிற விஷம், புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. பின்னது பெரும்பாலும் மண்ணிலேயே படிந்துவிடும். ஜவ்வாது மலைக் கடுக்காயை வைத்து ராணிப்பேட்டைக் குரோமியத்தை அடக்கிவிட்டால்? தாத்தாவின் மூட்டைக்கும் நியாயம் கிடைக்கும், பாலாற்றுக்கும் நியாயம் கிடைக்கும். கட்டுரைக்கு இதைவிட நல்ல முன்னுரை வேண்டுமா?

கலந்தேன். கண்ணெதிரே கறுப்பாகிவிட்டது. மாநாட்டுச் சுவரொட்டிக்குப் படம் எடுத்தேன். ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி, பெருமையாக லாங் பஜாருக்குக் கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். அப்பா மூடியைத் திறந்து முகர்ந்தார். சுண்டு விரலைத் தோய்த்துப் பில் புக்கின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார்.

"இன்னாடா இது, கடுக்காய் மை?"

"இல்லப்பா, நானோ இரும்பு."

"கடுக்காயும் அன்னபேதியும்தானே போட்ட?"

அன்னபேதி என்பது நாட்டு மருந்துக் கடையில் ஃபெரஸ் சல்பேட்டுக்குப் பெயர். அப்பா அந்தப் பெயரில் நாற்பது வருஷமாக விற்றுக் கொண்டிருந்தார். "ஆமாம்" என்றேன்.

"அப்போ மைதான். உங்க தாத்தா கணக்கு எழுதினது இதுலதான். பழைய நோட்டு பரண்ல இருக்குது, போய்ப் பாரு. இன்னும் அழியல."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. ஆய்வகத்துக்குப் போய் எக்ஸ்ரே விளிம்பு விளைவுக் கருவியில் அந்தக் கறுப்புப் பொடியை வைத்துப் பார்த்தேன். உலோக இரும்பு இருந்தால் வரைபடத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் முகடு எழும்ப வேண்டும். எழும்பவில்லை. மேடாக ஒரு திட்டு, அவ்வளவுதான். அப்பா சொன்னது சரி. என் குப்பியில் இருந்தது இரும்பும் டானினும் பிணைந்த கூட்டு. துகள்கள் நானோ அளவில் இருந்தன என்பது உண்மை. அது உலோக இரும்பு என்று நான் எழுதியிருந்தது உண்மையில்லை. தாவரச் சாற்றில் செய்த 'நானோ இரும்பு' பலவற்றைப் பற்றி உலகில் மற்றவர்களும் பிற்பாடு இதே சந்தேகத்தைக் கிளப்பினார்கள். எனக்கு முன்னால் கிளப்பியவர் ஒரு மருந்துக் கடைக்காரர்.

"ஆனால் குரோமியத்தை மாற்றியதே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக் கொண்டேன். என் வழிகாட்டி விடவில்லை. "கடுக்காய் இல்லாமல் வெறும் அன்னபேதியைப் போட்டுப் பார்த்தாயா?" என்றார். போடவில்லை. போட்டேன். அதுவும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்தது. செய்யும்தான், ஃபெரஸ் சல்பேட் ஆறு இணைதிறன் குரோமியத்தை ஒடுக்கும் என்பது பாடப் புத்தகத்திலேயே உள்ள சங்கதி. அப்படியானால் கடுக்காயால் கூடுதல் லாபம் என்ன? சில நிலைமைகளில் கொஞ்சம் உண்டு. ஆனால் சாற்றிலிருந்து வரும் கரிமப் பொருள் தண்ணீரில் சேருகிறது, அதைத் தனியாக நீக்க வேண்டும். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். சுவரொட்டியில் செலவுப் பக்கம் இல்லை. திருத்தி எழுதினேன். அழகான முன்னுரை போயிற்று.

இதே காலத்தில்தான் இன்னொரு விஷயமும் உறைத்தது. ஒரு நாள் சாயங்காலம் ஆய்வக உதவியாளர் அம்மா கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கொண்டிருந்தார். வெள்ளித் துகள் செய்த பாத்திரங்கள். "சார், இந்தத் தண்ணிய இங்கயே ஊத்தலாமா? எங்க போவுது இது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கட்டுரையின் தலைப்பில் 'பசுமை' என்ற சொல் இருந்தது. கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போனது. வெள்ளி அயனி பாக்டீரியாவைக் கொல்லும், அதற்காகத்தான் செய்கிறோம். சாக்கடைக்குப் போய் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். ஷாப்புக்காரரைப் பார்த்து நாம் முப்பது வருஷமாகக் கேட்ட கேள்வியை அந்த அம்மா என்னைக் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் கழுவிய தண்ணீருக்குத் தனி கேன், தனி நோட்டு.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் 'பசுமை' நானோ தங்கத்தின் வாழ்நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். சுமையில் பெரும்பங்கு ஒடுக்கியால் வரவில்லை, தங்கத்தால் வருகிறது. பூமியைத் தோண்டித் தங்கத்தை எடுப்பதற்கான ஆற்றலுக்கு முன்னால், போரோஹைட்ரைடா, இலைச் சாறா என்பதெல்லாம் சில்லறை விஷயம். ஆகவே விலையுயர்ந்த உலோகத்தை மறுபடி மறுபடி பயன்படுத்துவதில்தான் பசுமை இருக்கிறது, இலையின் பெயரில் இல்லை. துளசி, வேம்பு, கீழாநெல்லி என்று ஒவ்வொரு செடியாக எடுத்து ஒவ்வொரு கட்டுரை எழுதுகிற பழக்கம் நம்மிடையே உண்டு. எனக்கும் இருந்தது. இளைய ஆய்வாளர்கள் யாராவது இங்கே இருந்தால் கோபித்துக் கொள்ள வேண்டாம்.

ரசாயனப் பொறியாளனுக்கு இன்னொரு தலைவலி, அளவு. நூறு மில்லி பீக்கரில் ஒரு நொடியில் கலந்துவிடும். நூறு லிட்டர் தொட்டியில் கலப்பதற்குள் ஒரு மூலையில் துகள் பிறந்து வளர்ந்து பெரியவனாகிவிடும், இன்னொரு மூலையில் பிறந்திருக்கவே இருக்காது. சித்திரையில் வாங்கின கடுக்காய் ஒரு மாதிரி, ஐப்பசியில் வாங்கினது ஒரு மாதிரி. "மரத்துக்கு மரம் துவர்ப்பு மாறும்டா" என்று அப்பா இதையும் முன்பே சொல்லியிருந்தார்.

அப்படியானால் இந்தத் துறையே வெறும் பேச்சா என்று கேட்காதீர்கள். இல்லை. சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள், அதுவும் பக்கத்திலேயே.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு 2013-இல் வெளியிட்ட வேலையைச் சொல்ல வேண்டும். இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் அலுமினியம் ஆக்ஸிஹைட்ராக்ஸைடையும் சேர்த்து மணல் மாதிரி குருணைகள் செய்தார்கள். சாதாரண அறை வெப்பத்தில், தண்ணீரில், கரண்ட் இல்லாமல் செய்கிற முறை. அதற்குள் வெள்ளி நானோ துகள்களைப் பொதித்தார்கள். குடிநீர் அதன் வழியே போகும்போது வெள்ளி அயனி நூறு கோடியில் சுமார் 40 பங்கு என்ற அளவில் மட்டும் கசிந்து கிருமியைக் கொல்லும். பாதுகாப்பு வரம்பு 100. எனக்கு இதில் பிடித்தது எது தெரியுமா? அந்த 40. எவ்வளவு வெளியே வருகிறது என்பதை அளந்து, அதைக் கட்டுக்குள் வைத்து, அதற்கப்புறம்தான் பொருளைப் பற்றிப் பேசினார்கள். அதே வழியில் இரும்பைக் கொண்டு செய்த ஆர்செனிக் வடிகட்டி பல மாநிலங்களில் ஊர்த் தண்ணீருக்குப் பயன்படுகிறது. பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இரண்டாவது, அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். நாயுடம்மா காலத்திலிருந்தே தோல் ஷாப்பின் வாசலுக்கு வந்து பேசிய ஆய்வு நிலையம் அது. அங்கே தணிகைவேலனும் அவரோடு சேர்ந்தவர்களும், அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்து அஜயனின் குழுவோடு இணைந்து 2012-இல் இரண்டு வேலைகள் வெளியிட்டார்கள். தோல் ஓரங்களை வெட்டிக் கழித்துப் போடுகிறோமே, அந்தக் கொலாஜன் கழிவை அதிக வெப்பத்தில் கரியாக்கினால், வெங்காயம் போல அடுக்கடுக்கான நானோ கார்பன் கிடைக்கிறது. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் தாமாகவே அதில் சேர்ந்திருக்கின்றன. புரதம் அல்லவா, வெளியிலிருந்து நைட்ரஜன் சேர்க்க வேண்டியதில்லை. அதை லித்தியம் பேட்டரி மின்முனையாகச் சோதித்தார்கள். இன்னொன்றில் கொலாஜனோடு காந்தக் குணமுள்ள இரும்பு ஆக்ஸைடு நானோ துகள்களைச் சேர்த்தார்கள். தண்ணீரில் மிதக்கும் எண்ணெயை அது உறிஞ்சிக் கொள்ளும். காந்தத்தைக் காட்டினால் எண்ணெயோடு கூடவே வந்துவிடும். இங்கே மூலப்பொருளே கழிவு. தோண்டி எடுத்த தங்கம் இல்லை, குப்பைமேட்டுக்குப் போக வேண்டிய தோல். ஷெல்டன் கணக்கு இங்கே வேறு மாதிரி எழுதப்படுகிறது.

இப்போது நானும் அந்தப் பக்கம்தான் வந்திருக்கிறேன். வெட் ப்ளூவைச் சீவும்போது விழும் சீவல். அதில் குரோமியம் இருப்பதால் பசைக்கும் ஆகாது, உரத்துக்கும் ஆகாது. திறந்த வெளியில் கொளுத்தினால் மூன்று இணைதிறன் குரோமியம் ஆறாக மாறக் கூடும். குளிர் காய்கிறேன் என்று அதைக் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் தயவு செய்து தடுத்துவிடுங்கள். காற்றுப் புகாத உலையில் நைட்ரஜனில் சூடாக்கினால் கரியும் குரோமியமும் சேர்ந்த பொடி கிடைக்கும். அதில் குரோமியம் எந்த உருவில் இருக்கிறது, மழையில் நனைந்தால் எவ்வளவு கரைந்து வருகிறது என்பதைத்தான் அளந்து கொண்டிருக்கிறேன். என் மாணவர்கள் "சார், முதலில் பயன்பாட்டைக் காட்டலாமே" என்கிறார்கள். கசிவு முதலில் என்கிறேன். கொஞ்சம் கெடுபிடிக்காரன் என்று பெயர் வாங்கியாகிவிட்டது.

ஷாப்பு நடத்தும் நண்பர்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாலாற்றுக் கரைக் கிணறு உப்பானதற்குக் குரோமியத்தைவிடப் பெரிய காரணம், சாதாரண உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் 30 முதல் 40 சதவீதம் உப்பு போடுகிறோம். முதல் ஊறலிலேயே அது தண்ணீருக்கு வந்துவிடுகிறது. சவ்வூடு வடிகட்டினாலும், கொதிக்க வைத்து வற்றடித்தாலும், கடைசியில் மூட்டை மூட்டையாக உப்பு கொட்டகையில் நிற்கிறது. என் நானோ பொடி எதுவும் அந்த உப்பைத் தொடாது. அதற்கு வழி உப்பைக் குறைப்பதுதான். பிக்கிள் கட்டத்தைத் தவிர்த்து, தண்ணீர் சேர்க்காமல் குரோம் ஏற்றுகிற முறையைத் தோல் ஆராய்ச்சி நிலையம் கொண்டு வந்தது. அதில் நானோ கிடையாது, பளபளப்பும் கிடையாது. ஆனால் என் கட்டுரைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒரு முறை ஆற்றுக்குச் செய்த நன்மைக்கு ஈடாகாது. இதை என் மேலதிகாரிகள் முன்னால் சொல்ல மாட்டேன், உங்கள் முன்னால் சொல்கிறேன்.

அப்பா இப்போது இல்லை. கடையைத் தம்பி பார்த்துக் கொள்கிறான். மருந்து குறைந்து பூஜைச் சாமான் அதிகமாகிவிட்டது. பரணிலிருந்த தாத்தாவின் கணக்கு நோட்டைப் போன பொங்கலுக்கு இறக்கினோம். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று ஊர் வாரியாக ஆவாரம்பட்டை, கடுக்காய்க் கணக்கு. எழுத்து இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. ஒரு ஓரத்தைக் கத்தரித்துக் கருவியில் வைத்துப் பார்க்கலாமா என்று ஆசை வந்தது. தம்பி நோட்டைப் பிடுங்கிக் கொண்டான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எனக்குச் சீவல் வேண்டும். ஒரே ஷாப்பின் சீவலை மட்டும் வைத்துச் சோதித்தால் கடுக்காய்க் கதையே திரும்பவும் நடக்கும். ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், வெவ்வேறு ஷாப்பு, வெவ்வேறு மாதம் என்று பல வகை வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ போதும். பையின் மேல் தேதியும், என்ன தோல், எவ்வளவு குரோம் போட்டது என்பதும் எழுதியிருக்க வேண்டும். ஷாப்பின் பெயர் எழுத வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். லாங் பஜார் கடையில் தம்பியிடம் கொடுத்தால் எனக்கு வந்து சேர்ந்துவிடும். மதியச் சாப்பாட்டின்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன், சந்தேகம் இருந்தால் வந்து கேளுங்கள். பிரியாணி ஆம்பூரிலிருந்து வந்திருப்பதாகச் செயலாளர் ஜாடை காட்டுகிறார்.